எனர்ஜி சேவிங் பல்பும் ஹாம் வானொலி இரைச்சலும்: மட்டக்களப்பில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஹாம் வானொலி என்றால் அனுமதி பெற்றவர்கள் பொழுதுபோக்காகத் தமக்குள் பேசிக்கொள்ளும் வானொலி. பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் வந்து, 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறியும், அதாவது வானொலியில் உங்கள் பெயரும், கையில் கிடைத்துவிட்டது. இரண்டு தென்னைகளுக்கு நடுவில் அன்ரெனாக் கம்பியும் கட்டியாயிற்று. பின்னேரம் ஆறரைக்கு 40 மீற்றர் அலைவரிசையைத் திறந்தால் ஒரே இரைச்சல். மனிதக் குரல் ஒன்றும் இல்லை.

கல்லடியில் என் வீட்டில் நடந்தது இதுதான். வானொலிச் செற்றில் வரும் அலையின் வலுவைக் காட்டும் முள் பகலில் எஸ் 2இல் நிற்கும். பொழுதுபட்டதும் எஸ் 9க்கு ஏறிவிடும். வாங்கிய பழைய செற் பழுது என்று நினைத்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினேன். மூன்று கிழமை கழித்து, பார்த்த கூலியோடு அது திரும்பி வந்தது. இரைச்சல் அப்படியே இருந்தது. பிறகு கம்பியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். காரணம் தெரிந்தது 2022 மார்ச் கடைசியில், பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில். இருட்டில் கார் பற்றறியில் செற்றைப் போட்டேன். இந்தியாவிலிருந்து பேசுகிறவர்கள் பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோலக் கேட்டார்கள். கரண்ட் வந்தது, தெருவெல்லாம் வெளிச்சம் வந்தது, குரல்கள் மறைந்தன.

நான் மாதக்கணக்கில் அலைந்து தெரிந்துகொண்டதை நீங்கள் இரண்டு கிழமையில் முடித்துவிடலாம். ஒழுங்கு தவறாமல் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய இழை பல்ப் கரண்டை நேரே எரித்து வெளிச்சமாக்கும். சுருள் பல்ப், அதாவது சி.எஃப்.எல்., அப்படியல்ல. அதன் அடிக்குள் இருக்கும் சின்ன சுற்று 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை வாங்கி, செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் குழாய்க்குக் கொடுக்கிறது. எல்.ஈ.டி. பல்புகள் பலவும் இப்படித்தான். அந்த வெட்டின் மடங்குகள் மெகாஹேர்ட்ஸ் கணக்கில் மேலே வரை போகும். அதைத் தடுக்கும் வடிகட்டிப் பாகங்களை விலை குறைக்கவென்று விட்டுவிட்டால், வீட்டு வயரிங் முழுவதும் அந்த இரைச்சலுக்கு அன்ரெனாவாகிவிடும். அதற்காக இழை பல்புக்குத் திரும்பச் சொல்லவில்லை. 60 வாற் இழை பல்ப் தரும் வெளிச்சத்தை 9 வாற் எல்.ஈ.டி. தருகிறது. நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் ஒரு பல்புக்கே மாதம் ஏழரை யூனிற்றுக்கு மேல் மிச்சம். நமக்கு வேண்டியது நல்ல எல்.ஈ.டி.

1. முதலில் வீட்டை இருட்டாக்குங்கள்

செலவில்லாத படி இது. இதைத் தாண்டி எதையும் வாங்காதீர்கள்.

12 வோல்ற் பற்றறி ஒன்றில் செற்றை இணையுங்கள். இரைச்சல் கூடிய நேரமாக, இரவு ஏழு மணியளவில், 40 மீற்றர் அலைவரிசைக்குள் வரும் 7.100 மெகாஹேர்ட்ஸை ஒட்டி யாரும் பேசாத ஓரிடத்தில் வையுங்கள். உள்ளே வரும் அலையைப் பெருக்கும் பிரீஅம்ப்பை அணைத்துவிட்டு முள் காட்டுவதை எழுதுங்கள். இப்போது வீட்டு மெயின் சுவிச்சை இறக்கி மறுபடி எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளைகள் படிக்கும் நேரம் என்றால் கோபம் வரும், அது நியாயமும்கூட. பத்து நிமிடம் போதும்.

முள் நன்றாக இறங்கினால் இரைச்சல் உங்கள் வீட்டுக்குள். அசையாவிட்டால் வெளியே. பெரும்பாலும் பாதி இறங்கும். அப்படியென்றால் இரண்டிலும் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து தொடங்கவேண்டும்.

இங்கே ஒரு பொறி. மெயினை இறக்கினாலும் சில சாமான்கள் அணையாது. மின்வெட்டுக் காலத்தில் நாம் எல்லோரும் வாங்கிய எமர்ஜென்சி பல்ப், ரவுற்றருக்கு மாட்டிய சின்ன யூ.பி.எஸ்., கணினி யூ.பி.எஸ். எல்லாம் தம் பற்றறியில் தொடர்ந்து வேலைசெய்யும். மெயினை இறக்கியதும் எமர்ஜென்சி பல்ப் தானாக எரியத் தொடங்கிவிடும். அதையும் கழற்றிவிட்டுத்தான் அளக்கவேண்டும். கூரையில் சூரியத் தகடு இருந்தால் சோதனையை இரவில் மட்டும் செய்யுங்கள்.

2. ஒரு கொப்பி, ஒரு கிழமை அளவுகள்

ஒரு சாதாரண கொப்பியில் திகதி, நேரம், அதிர்வெண், முள்ளின் அளவு, காலநிலை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். காலை ஆறு, மதியம், பின்னேரம் ஆறு, இரவு எட்டு, படுக்கப்போகும் நேரம் என்று நாளுக்கு ஐந்து தடவை. அலைபேசியில் முப்பது செக்கன் ஒலிப்பதிவும் எடுத்து வையுங்கள். இந்தக் கொப்பி பின்னால் நீங்கள் யாரிடமாவது முறையிடப் போனால் முதல் ஆவணம். அதற்காக அல்லாவிட்டாலும் அது உங்களுக்கே விடை சொல்லும். எனக்கு மூன்றாம் நாளே ஒன்று தெரிந்தது: ஒவ்வொரு நாளும் விடிகாலை ஐந்தரைக்கு இரைச்சல் ஒரு படி இறங்கியது. அது பக்கத்து வீட்டு வாசல் லைற்றை அணைக்கும் நேரம்.

கோவில் சடங்கு நாட்களில் அளக்கவேண்டாம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் தெரு முழுக்க மின்சோடனை இருக்கும். அந்தக் கிழமையின் அளவுகள் எதற்கும் உதவாது. அந்த ஒளிக்கு இடைஞ்சல் செய்யவும் கூடாது.

3. ஒவ்வொன்றாகக் கழற்றாதீர்கள், ஒவ்வொன்றாகச் சேருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். நானும் இங்கேதான் இரண்டு மாதம் இழந்தேன்.

சாதாரணமாக என்ன செய்வோம்? எல்லாம் எரியும்போது ஒரு பல்பை அணைப்போம், முள்ளைப் பார்ப்போம், அசையவில்லை, “இது நல்ல பல்ப்” என்று மறுபடி போடுவோம். இப்படி ஒன்பது பல்பையும் பார்த்து, ஒன்றிலும் குற்றமில்லை என்று முடிவுக்கு வந்தேன். கணக்கைப் பாருங்கள். ஒரே அளவு இரைச்சல் போடும் பல்புகள் நான்கு இருந்தால், ஒன்றை அணைக்கும்போது குறைவது ஒன்றேகால் டெசிபெல்தான். முள்ளில் ஒரு எஸ் என்பது 6 டெசிபெல். நான்கில் மூன்றை ஒன்றாக அணைத்தால்தான் முள் ஒரு படி இறங்கும்! ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கிறவருக்கு எல்லாப் பல்பும் நல்ல பல்பாகவே தெரியும்.

ஆகவே தலைகீழாகச் செய்யுங்கள்.

வீட்டிலுள்ள எல்லாப் பல்பையும், சாஜர்களையும், ரீவியையும், ரவுற்றரையும் நிறுத்துங்கள். பல்புகளைச் சுவிச்சில் அணைப்பதோடு விடாமல் ஹோல்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுருள் பல்பைச் சூட்டோடு தொடவேண்டாம். கண்ணாடிக் குழாயைப் பிடித்துத் திருகவும் வேண்டாம், பிளாஸ்ரிக் அடியைப் பிடியுங்கள். உள்ளே சிறிதளவு பாதரசம் இருக்கிறது. உடைந்துவிட்டால் யன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, ஈரக் கடதாசியால் ஒற்றி எடுங்கள். விளக்குமாற்றால் கூட்டவேண்டாம்.

எல்லாம் கழற்றிய நிலையில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் வீட்டின் அடிமட்டம். பிறகு ஒரு பல்பைப் போட்டு ஐந்து நிமிடம் எரியவிட்டு எழுதுங்கள். கழற்றுங்கள். அடுத்ததைப் போடுங்கள். எப்போதும் ஒரு பல்ப் மட்டுமே எரியவேண்டும். ஐந்து நிமிடம் ஏன் என்றால், பல்ப் சூடேறும்போது இரைச்சலின் இடம் மெல்ல நகரும். போட்டவுடன் 7.100இல் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு, சூடானதும் சரியாக அங்கே வந்து உட்காரும் பல்ப் ஒன்று என் குசினியில் இருந்தது. அலைவரிசையைக் கொஞ்சம் மேலும் கீழும் உருட்டியும் பாருங்கள். இரைச்சல் ஒரேயளவாக நிரம்பியிருக்காது. ஓரிடத்தில் மேடாக எழும்பி, இறங்கி, சில பத்துக் கிலோஹேர்ட்ஸ் தள்ளி மறுபடி எழும்பும். அப்படி ஒழுங்கான இடைவெளியில் மேடுகள் வந்தால் அது சுவிச்சிங் சுற்றின் கையெழுத்து. கணினியில் செருகும் சின்ன வானொலியான எஸ்.டி.ஆர். குச்சி உங்களிடம் இருந்தால் திரையில் இது கண்ணுக்கே தெரியும். இல்லாவிட்டாலும் காது போதும்.

என் வீட்டு ஒன்பதில் நான்கு கெட்டவை: மண்டபத்துச் சுருள் பல்ப் இரண்டு, முன்பு சொன்ன அந்தக் குசினி எல்.ஈ.டி., எமர்ஜென்சி பல்ப். எமர்ஜென்சி பல்ப் எரியும்போது சத்தமே இல்லை, சாஜ் ஏறும்போதுதான் இரைந்தது. நான்கையும் ஒன்றாக நீக்கியபோது எஸ் 9 எஸ் 5க்கு வந்தது.

இன்னொரு பொறி: சுவிச்சை அணைத்த பிறகும் எல்.ஈ.டி. பல்ப் மங்கலாக மினுங்கினால், அந்தச் சுவிச் லைவுக்குப் பதில் நியூற்றலை வெட்டுகிறதோ என்று சந்தேகப்படவேண்டும். சுவிச்சுக்குள் இருக்கும் சின்னக் காட்டி விளக்காலும் அப்படி வரலாம். எதுவானாலும் இலக்றீசியனிடம் காட்டுங்கள். நியூற்றல் வெட்டும் சுவிச் என்றால், அணைத்திருக்கிறது என்று நம்பி ஹோல்டரைத் தொடுகிறவருக்கு உயிராபத்து.

4. பல்ப்தானா என்று உறுதிசெய்யுங்கள்

கடலோரத்தில் இருக்கும் நமக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. நாவலடி, கல்லடி, திருக்கோவில் போன்ற இடங்களில் உப்புக்காற்று மின்கம்பத்துப் பீங்கான்களில் படியும், இரும்புப் பூட்டுகள் துருவேறும். அங்கே தீப்பொறி பறந்தால் வரும் இரைச்சல், தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல ஒரே சீரான ரீங்காரம். மேடு பள்ளம் இருக்காது, 40 மீற்றரிலும் 10 மீற்றரிலும் ஒருங்கே கேட்கும். விளக்கேற்றும் நேரத்தோடு அதற்குத் தொடர்பு இல்லை, மழை வெயிலோடுதான் தொடர்பு. கொப்பியில் காலநிலையை எழுதச் சொன்னது இதற்குத்தான். அப்படியென்றால் மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987க்கு அழைத்து, கம்பத்தின் இலக்கத்தைச் சொல்லி முறையிடுங்கள். நீங்களாகக் கம்பத்தில் தட்டிப் பார்ப்பது, இழுகம்பியை ஆட்டிப் பார்ப்பது கூடவே கூடாது.

5. புது பல்ப் வாங்குவது

நம் ஊர்க் கடைகளில் பல்பை ஹோல்டரில் மாட்டி எரித்துக் காட்டித்தான் தருவார்கள். அந்த நல்ல வழக்கம் நமக்கு உதவும். பற்றறியில் ஓடும் சின்ன வானொலியை மத்திய அலையில், நிலையம் இல்லாத ஓரிடத்தில் வைத்து, எரியும் பல்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். சிற்றலை இருக்கும் வானொலி என்றால் இன்னும் நல்லது. கடையில் மற்ற விளக்குகளும் எரிவதால் சத்தம் முழுக்க அடங்காது. பல்பைப் போடும்போதும் கழற்றும்போதும் வரும் வித்தியாசத்தைக் கேட்கவேண்டும். காத்தான்குடிக் கடையொன்றில் முதல்முறை இதைச் செய்தபோது “என்ன தம்பி, பல்ப்ல பாட்டுக் கேக்கிறீங்களா?” என்று கடைக்கார நானா கேட்டார். விளக்கினேன். அதன்பிறகு அவரே பெட்டி பெட்டியாக எடுத்துத் தந்து கேட்கச் சொன்னார். கூட்டமில்லாத முற்பகலில் போங்கள்.

பெட்டியில் என்ன பார்ப்பது? விளக்குகளின் வானொலி இரைச்சலுக்கான சர்வதேச வரையறை சிஸ்பர் 15. அது 9 கிலோஹேர்ட்ஸ் தொடங்கி 30 மெகாஹேர்ட்ஸ் வரை, அதாவது நம் சிற்றலைகள் முழுவதற்கும், விளக்கு கம்பிவழி கக்கும் இரைச்சலுக்கு எல்லை வைக்கிறது. அது அச்சிட்டிருந்தால் நல்ல அறிகுறி. சி.ஈ. முத்திரையை மட்டும் நம்பவேண்டாம், அதை யாரும் அச்சடித்துவிடலாம்.

உள்ளே சுவிச்சிங் சுற்றே இல்லாத எல்.ஈ.டி. பல்புகளும் உண்டு. சுருளும் மின்மாற்றியும் இல்லாமல், எல்.ஈ.டி. பலகையிலேயே சின்ன சிப் ஒன்று கரண்டைக் கட்டுப்படுத்தும் வகை. இவை வானொலிக்கு அமைதியானவை. கண்டுபிடிக்க ஒரு வழி: அலைபேசிக் கமராவைப் பல்புக்கு நேரே பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டிகள் ஓடினால், பெரும்பாலும் சுவிச்சிங் இல்லாத வகை. வெளிச்சம் செக்கனுக்கு நூறு தடவை துடிப்பதால் வரும் பட்டி அது. வாசலுக்கும் குளியலறைக்கும் இது போதும். பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு அந்தத் துடிப்பு நல்லதல்ல. அங்கே நல்ல வடிகட்டியுள்ள, கொஞ்சம் விலைகூடிய பல்பே போடுங்கள்.

ஒரே நாளில் பத்து வாங்காதீர்கள். ஒன்றை வாங்கி, வீட்டில் மூன்றாம் படியின்படி சோதித்து, நல்லதென்றால் அதே கடையில் அதே பெட்டியிலிருந்து மிச்சத்தை வாங்குங்கள். ஒரே பெயர், ஒரே வாற். ஆனால் ஆறு மாதம் கழித்து வந்த பல்பின் உள்ளே வேறு சுற்று. எனக்கு அப்படி நடந்தது. பற்றுச்சீட்டையும் வாரண்டி அட்டையையும், கடை முத்திரையும் திகதியும் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு உறையில் போட்டு வையுங்கள். இரைச்சல் போடுகிறது என்று சொன்னால் வாரண்டியில் மாற்றித் தருவது கடைக்காரரின் மனதைப் பொறுத்தது. ஆகவே வாங்கும்போதே “சரிவராவிட்டால் நாளைக்கு மாற்றலாமா?” என்று கேட்டுவிடுங்கள்.

6. அன்ரெனாவும் ஃபெரைற்றும்

பல்பை மாற்றியபின்தான் இது. முதலிலேயே ஃபெரைற், அதாவது இரைச்சலை அடக்கப் பயன்படும் காந்தப் பொருள் வளையம், வாங்கப் போனால் பணம் வீணாகும்.

காசில்லாத வழி முதலில்: அன்ரெனாவை வீட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். வயரிங்கிலிருந்து வரும் இரைச்சல் தூரத்தோடு வேகமாகத் தேயும். 40 மீற்றருக்கு அரை அலை டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த கம்பி அன்ரெனா, ஏறத்தாழ 20 மீற்றர் நீளம். கூரைக்கு மேலால் இழுப்பதைவிட வளவின் கடைசித் தென்னைகளுக்கு இடையில் கட்டினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

அடுத்தது கேபிள். டைபோலின் நடுவில் சோக், அதாவது கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் கரண்டைத் தடுக்கும் சுருள், இல்லாவிட்டால் கேபிளின் வெளிக் கம்பிவலை வீட்டுக்குள் இருக்கும் இரைச்சலை அள்ளிக்கொண்டு மேலே போய், மறுபடி உள்வழியாகச் செற்றுக்கு வரும். சோக் செய்ய, 31ஆம் கலவை ஃபெரைற்றில் 61 மில்லிமீற்றர் வளையம் ஒன்றை எடுத்து, மெல்லிய கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஃபெரைற் வாங்கும்போது கலவை இலக்கத்தைக் கேட்டு வாங்கவேண்டும். பழைய கணினி மின்வழங்கியிலிருந்து கழற்றிய மஞ்சள் வளையம் பெரும்பாலும் இரும்புத்தூள், இந்த வேலைக்கு உதவாது. கம்பியை வளையத்துக்குள் ஒருமுறை விட்டுவிட்டால் போதாது. தடை, சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும்: இரண்டு சுற்றுக்கு நான்கு மடங்கு, மூன்றுக்கு ஒன்பது மடங்கு. எனக்கு வளையம் வெளிநாட்டுத் தபாலில் வர ஐந்து கிழமை எடுத்தது. முதலாம் படியைத் தொடங்கும் நாளிலேயே விசாரித்து வைத்தால் காத்திருப்பு மிச்சம்.

வீட்டு மின்பலகைக்கு, மின்கம்பி வழி வரும் இரைச்சலை வடிகட்டும் லைன் ஃபில்ற்றர்கள் பல மாட்டுவதில் ஒரு ஆபத்து உண்டு. அவை ஒவ்வொன்றும் பூமிக் கம்பிக்குச் சிறு கசிவைக் கொடுக்கும். கூடினால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் விழத் தொடங்கும். விழுகிறதே என்று ட்ரிப் சுவிச்சைக் கழற்றிவிட்டு நேரே கொடுக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருபோதும் செய்யவேண்டாம்.

7. அயலவர்

முதலில் உங்கள் வீடு சுத்தமாக இருக்கவேண்டும். பிறகுதான் மற்றவர் வாசலை மிதிக்கலாம். அந்தச் சின்ன வானொலியோடு தெருவில் நடந்தால் எந்த மதிலோரம் இரைச்சல் ஏறுகிறது என்று தெரியும். இரவில் தனியாகச் சுற்றினால் ஆட்கள் பயப்படுவார்கள். மாலை வெளிச்சத்தில், அயலவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, அழைப்புக்குறி அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும் அடையாள அட்டையையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

குறை சொல்லப் போவதுபோலப் போகவேண்டாம். நான் சோதித்த நல்ல பல்ப் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ரீச்சரிடம் போனேன். “ரீச்சர், உங்கட வாசல் லைற்றக் கொஞ்ச நேரம் மாத்திப் பாக்கலாமா? இது புதுப் பல்ப், நல்லா இருந்தா உங்களுக்கே” என்றேன். “அதுக்கென்ன மகன், கழட்டிப் பாருங்க” என்றார். ஒரு பல்பின் விலையில் எஸ் 5 எஸ் 3 ஆனது. எனக்கு ஆன மொத்தச் செலவைப் பார்த்தால், கொழும்புக்குச் செற் அனுப்பிய காசில் பாதிக்கும் குறைவு.

உங்களால் அவர்களுக்கு வரும் இடைஞ்சலையும் கேளுங்கள். நீங்கள் பேசும்போது அவர்கள் வீட்டு எல்.ஈ.டி. மினுங்கலாம். ரீச்சர் வீட்டில் அப்படி நடந்தது. செற் அனுப்பும் வலுவைக் குறைத்து, ஆறாம் படியில் சொன்ன சோக்கைப் போட்டதும் நின்றது.

தெருவிளக்கு என்றால் பராமரிப்பு மாநகர சபை அல்லது பிரதேச சபையின் பொறுப்பு. கம்ப இலக்கம், தெருப் பெயர், விளக்கு எரியும்போதும் அணைந்தபின்னும் எடுத்த அளவு, இவற்றை ஒரு பக்கக் கடிதமாக எழுதி நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். “இரைச்சல்” என்று மட்டும் எழுதினால் ஒலிபெருக்கிச் சத்தம் என்று நினைத்துவிடுவார்கள். “வானொலி அலைவரிசையில் ஏற்படும் மின் இடையூறு” என்று எழுதுங்கள்.

8. ஆணைக்குழுவுக்கு எழுதுவது

இவ்வளவும் செய்தும் தீராவிட்டால், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. முகவரி: 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 08. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். உறைக்குள் இருக்கவேண்டியவை: நடைமுறையில் உள்ள அனுமதிப்பத்திரத்தின் பிரதி, கொப்பியின் இரண்டு கிழமைப் பக்கங்கள், ஒலிப்பதிவுகள் உள்ள சின்ன மெமரி கார்ட், வீடும் அன்ரெனாவும் சந்தேகிக்கும் இடமும் குறித்த கைவரைபடம், உங்கள் வீட்டில் மெயினை இறக்கி அளந்த கணக்கு, சபைக்குக் கொடுத்த கடிதத்தின் முத்திரையிட்ட பிரதி. அனுமதிப்பத்திரத்தின் காலாவதித் திகதியை அனுப்புமுன் பாருங்கள். அது முடிந்திருந்தால் முதலில் புதுப்பிப்பு, பிறகு முறைப்பாடு. அயலவரின் பெயரை எழுதவேண்டாம். இடத்தையும் அளவையும் எழுதினால் போதும்.

பதில் வரும்வரை கொப்பியை நிறுத்தவேண்டாம். மார்கழி மழை முடிந்ததும் மூன்றாம் படியை மறுபடி ஒருமுறை செய்யுங்கள். பல்புக்குள் இருக்கும் கப்பாசிற்றர் வெக்கையில் காய்ந்து காய்ந்து, முதல் வருடம் அமைதியாக இருந்த பல்ப் இரண்டாம் வருடம் இரையத் தொடங்கும். நான் ஒவ்வொரு பல்பின் அடியிலும் போட்ட திகதியைப் பேனாவால் எழுதிவைக்கிறேன்.